முனிக்கு வெளிச்சம் ஆகாது

அவர் பஸ் கண்ணாடியைத் துடைக்கிற விதத்திலேயே ஆளை விளங்கிக்கொள்ளலாம். முன் கண்ணாடியை எந்த டிரைவரும் துடைப்பார், அது தொழில். இவர் பக்கத்துக் கண்ணாடிகளைத் துடைப்பார், அதுவும் மேல்பாதியை மட்டும். பழைய பேப்பரைத் தண்ணீரில் நனைத்துக் கசக்கி, ஒவ்வொரு சீற்றிலும் முழங்கால் ஊன்றி ஏறி, மூக்கு முட்ட நின்று தேய்ப்பார். கீழ்ப்பாதியில் கோப்பாய்ச் செம்மண்ணும் யாரோ துப்பிய வெற்றிலைச் சாறும் காய்ந்து அப்படியே கிடக்கும்.

"அதையும் ஒரு இழுவை இழுத்துவிடுங்கோவன் அண்ணை," என்பான் கொண்டக்டர்.

"கீழை என்ன கிடக்கு பாக்க? மதிலும் மரவள்ளியும்தானே."

யாழ்ப்பாணம் பஸ் நிலையத்திலிருந்து பொழுதுபட்ட பிறகு புறப்படும் கடைசித் தனியார் பஸ் அது. கோப்பாய், நீர்வேலி, புத்தூர், ஆவரங்கால், பிறகு வல்லை வெளி. வெளியைத் தாண்டினால் நெல்லியடி, பருத்தித்துறை. சண்டை முடிந்து, றோட்டுக்குத் தார்க் காப்பெற் போட்டு, சனம் பொழுதுபட்ட பின்னும் வெளியில் நிற்கலாம் என்று மெல்லப் பழகிக்கொண்டிருந்த காலம். நான் நகரத்தில் ஓர் இரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை செய்தேன். நாள் முழுக்கக் குனிவுதான். நுணுக்குக்காட்டியின் வட்ட வெளிச்சத்துக்குள் முன்பின் தெரியாதவர்களின் இரத்தம், சிவப்புச் சிவப்பாக, ஒன்றையொன்று உரசிக்கொண்டு. மாலையில் கழுத்து நிமிர மாட்டேன் என்று அடம்பிடிக்கும். பஸ்ஸில் ஏறிச் சீற்றில் தலையைச் சாய்த்தால் நெல்லியடியில் கொண்டக்டர் தட்டி எழுப்பும்வரை எனக்கு உலகம் இல்லை.

அந்த பஸ்ஸில் ஏறிய முதல் நாளும் அப்படித்தான் சாய்ந்திருந்தேன். ஆவரங்காலின் கடைசிக் கடை வெளிச்சம் பின்னால் போனது. வல்லை வெளி தொடங்கும் இடத்தில் பஸ் நின்றது. றோட்டோரத்தில் முனியப்பர் இருக்கிறார். எந்த வாகனமும் அவரைக் கேட்காமல் வெளிக்குள் இறங்குவதில்லை. கொண்டக்டர் குதித்து ஓடி உண்டியலில் சில்லறை போட்டு, கைநிறையத் திருநீறு அள்ளிக்கொண்டு வருவான், நெற்றியை நீட்டுகிறவர்களுக்குப் பூசிவிடுவான். அதுவரை வழக்கம். பஸ் மறுபடி நகர்ந்ததும் டிரைவர் குரல் கொடுத்தார்.

"பொம்பிளைப் பிள்ளையள் முன்னுக்கு வாங்கோ. ஆம்பிளையள் பின்னுக்குப் போங்கோ. கொண்டக்டர் நடுவிலை நில்."

எல்லாரும் பழகியவர்கள்போல எழுந்து இடம் மாறினார்கள். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. நான் ஏற்கெனவே அவருடைய முதுகுக்குப் பின் சீற்றில்தான் இருந்தேன். டிக் என்று ஒரு சத்தம். பஸ்ஸின் உள்விளக்குகள் எல்லாம் ஒருமிக்க நூர்ந்து, உள்ளே இருட்டானது. முன் லைற்றுகள் மட்டும் றோட்டைத் தின்றுகொண்டு ஓடின. பிள்ளையார் படத்தடியில் ஒரு சிவப்பு மின்மினி.

கைப்பையை நெஞ்சோடு அணைத்து, குடையின் கூர் நுனியை விரல்களுக்குள் தேடிப் பிடித்தேன். இந்த மண்ணில் பெண்ணாகப் பிறந்து இருட்டு பஸ்ஸில் வேறெதைப் பிடிப்பது. பக்கத்துச் சீற்றில் வெறும் மீன் பெட்டியோடு இருந்த அக்கா என் முழங்கையில் தட்டினாள்.

"குடையை விடு பிள்ளை. யன்னலைப் பார்."

பார்த்தேன். வல்லை வெளி ஊருமில்லை, காடுமில்லை. இரண்டு பக்கமும் உப்புத் தரவை நிலமும் கடல்நீரேரியும். ஒரு வீடு கிடையாது, ஒரு மரம் கிடையாது, காற்று மட்டும் அங்கே குடியிருக்கிறது. மாரி கழிந்து தண்ணீர் அலையாமல் படுத்திருந்த நாட்கள் அவை. யன்னலின் துடைத்த மேல்பாதியில் நட்சத்திரம். நட்சத்திரம் என்று ஒருமையில் சொல்லிவிட முடியாது. கொட்டியது, சிந்தியது, அள்ள ஆளில்லாமல் கிடந்தது. எட்டிக் கீழே பார்த்தால் நீரேரிக்குள்ளும் பெரிது பெரிதாகச் சில. பாலத்தில் பஸ் ஏறியபோது மேலும் கீழும் வானமாகி, நடுவில் நாங்கள், டிக்கெற் எடுத்த சனம், எதிலும் முட்டாமல் போய்க்கொண்டிருந்தோம். நாற்பதை எட்டிப்பார்க்கும் வயதில், கழுத்து வலியோடு, நான் வாயைத் திறந்தபடி இருந்திருக்கிறேன். பாலம் தாண்டி முதல் வீட்டு விளக்குத் தெரிந்ததும் டிக். மறுபடி பஸ், மறுபடி வியர்வை, மறுபடி மீன் மணம்.

டிரைவர் தன் பாட்டுக்கு ஓட்டிக்கொண்டிருந்தார். இதற்கு ஒரு விளக்கம், ஒரு பிரசங்கம், ஒன்றும் இல்லை. சந்தையில் தேங்காயைத் தட்டிக் காட்டுகிறவன்கூட நாலு வார்த்தை சொல்வான்.

நட்சத்திரங்களின் பெயர்கள் அவருக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளவும் விரும்பவில்லை. பல்கலைக்கழக வளாகத்தில் படிக்கும் பெடியன் ஒருவன் ஒரு நாள் யன்னலால் விரல் நீட்டி, அது இன்ன மண்டலம், இது இன்ன நட்சத்திரம் என்று உரக்கச் சொல்லிக்கொண்டு வந்தான்.

"தம்பி, உந்தப் பேரெல்லாம் அவைக்குத் தெரியுமோ?" என்றார் இவர், திரும்பாமல்.

"எவைக்கு?"

"நட்சத்திரங்களுக்கு. கூப்பிட்டால் திரும்பிப் பாக்குதோ?"

பஸ் சிரித்தது. பெடியனும் சிரித்துவிட்டு மௌனமானான். அவருக்கு வேண்டியது அதுதான்.

முகில் மூடிய நாட்களில் அவருக்கு ஒரு வெட்கம் வந்துவிடும், தான் சமைத்த கறி தீய்ந்ததுபோல. பஸ் நிலையத்தில் ஏறும்போதே சனம் கேட்கும். "அண்ணை, இண்டைக்கு வானம் இருக்கோ?"

"முடிஞ்சுது. நாளைக்கு வாங்கோ."

பூரணை நாட்களில் விளக்கை அணைக்க மாட்டார். "இண்டைக்கு அவ தனிய வந்திருக்கிறா. மற்றவையைக் காட்ட விடமாட்டா," என்பார், பணக்கார மச்சாள் ஒருத்தியைப் பற்றிச் சொல்வதுபோல.

இதையெல்லாம் செய்தவர் வானத்தைப் பார்த்ததில்லை என்பதை நான் கவனிக்கப் பல மாதங்கள் சென்றன. எப்படிப் பார்ப்பார்? வெளி முழுக்க அவர் கண் றோட்டில். வல்லையில் மாடு படுத்திருக்கும், லைற் இல்லாத சைக்கிள் வரும், காற்று பஸ்ஸை நீரேரிப் பக்கம் தள்ளும். முனியப்பர் முன்னால் கொண்டக்டர் திருநீறு எடுக்கும் அந்தச் சின்ன நேரத்தில் தலையை வெளியே நீட்டி ஒருமுறை நிமிர்வார். அவ்வளவுதான் அவருடைய பங்கு.

ஒரு நாள் கேட்டேவிட்டேன். "எங்களுக்கு எல்லாம் காட்டுறியள். நீங்கள் பாக்கிறேல்லையே அண்ணை?"

"நான் கேக்கிறன் தங்கச்சி."

"என்னத்தை?"

"லைற்றை நிப்பாட்டினவுடனை முதல்லை கொஞ்சம் கதை இருக்கும். செருமல் இருக்கும். பிறகு ஒவ்வொண்டாய் நிக்கும். வானம் நல்லாயிருந்தால் பஸ் வெறும் பஸ் மாதிரி ஓடும். ஆள் ஏத்தினதே தெரியாது. அந்தச் சத்தத்தை வைச்சுக்கொண்டே இண்டைக்கு மேலை என்ன மாதிரி எண்டு நான் சொல்லுவன்."

பிறகு நானும் கேட்கப் பழகினேன். அவர் சொன்னது உண்மை. நாற்பது பேர் மூச்சைக் கையில் பிடித்திருக்கும்போது ஒரு பஸ் வேறு மாதிரித்தான் ஓடுகிறது.

இந்தக் கிறுக்கு எங்கிருந்து வந்தது என்பதை மீன்கார அக்காதான் எனக்குச் சொல்லவைத்தாள். பஸ் நிலையத்துத் தேநீர்க் கடை வாசல். அவர் பிளேன்ரீயை ஊதிக்கொண்டு நிற்கிறார். மேற்கே கடைக் கூரைகளுக்கு மேல் மாலை வெள்ளி நிற்கிறது, தனியே, எவருக்கும் காத்திராமல்.

"அண்ணை, உங்கடை ஆள் வந்து நிக்கிறார். இந்தப் பிள்ளைக்கு அந்தக் கதையைச் சொல்லுங்கோ."

"உனக்கு வேறை வேலையில்லை," என்றுவிட்டுச் சொன்னார். "சண்டைக் காலத்திலை மேலை பாக்கிறது ரெண்டுக்குத்தான் தங்கச்சி. ஒண்டு குண்டு போடுற பொம்மர், மற்றது மழை. மழைக்குக்கூட முதல்லை காதைக் குடுத்துப்போட்டுத்தான் பாக்கிறது. நான் புதுசாக் கலியாணம் கட்டித் தொண்டைமானாற்றிலை மாமனார் வீட்டிலை இருந்தனான். கரண்டே இல்லாத காலம். ஒரு நாள் பொழுதுபட மேற்குப் பக்கம் பனைக்கு மேலை ஒரு வெளிச்சம். அசையாமல் நிக்குது. மாமா கத்தினார், பரா லைற் எண்டு."

பரா லைற் என்றால் எங்கள் வயதுக்காரருக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆமி வானத்தில் இறக்கிவிடும் விளக்கு. அது எரிந்தால் அடுத்தது ஷெல், பதுங்குகுழிக்கு ஓட வேண்டியதுதான்.

"எல்லாரும் பங்கருக்குள்ளை. அடுத்த வீட்டுக்காரரும் பாய்ஞ்சிட்டினம். வாசலாலை எட்டி எட்டிப் பாக்கிறம். அது நூரவுமில்லை, விழவுமில்லை. மெல்ல மெல்லப் பனைக்குள்ளை இறங்கிச்சுது. அது இறங்கின பிறகுதான் எங்களுக்குச் சோறு. அடுத்த நாளும் அதே இடம், அதே நேரம். இண்டைக்கும் வந்திட்டான் எண்டு மாமா பாயையும் தூக்கிக்கொண்டு இறங்கிறார். மூண்டாம் நாள் உள்ளுக்கை குந்தியிருக்கேக்கை எனக்கொரு யோசனை. ஆமிக்காரன் இவ்வளவு நேரம் தவறாமல் வரமாட்டானே எண்டு."

மீன்கார அக்கா சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு குலுங்கினாள். "வெள்ளிக்குப் பயந்து பங்கருக்குள்ளை கிடந்த ஒரே ஊர் உங்கடை ஊர்தான்."

"உங்கடை ஊரிலை என்ன செய்தனீங்கள்?"

"நாங்கள் மாதா தோன்றியிட்டா எண்டு செபமாலை சொன்னனாங்கள்."

அவரும் சிரித்தார். பிறகு கோப்பையின் அடியைப் பார்த்தபடி சொன்னார். "நான் வெளியிலை வந்தன். மனிசி சாரத்தைப் பிடிச்சு உள்ளுக்கை இழுக்கிறா. உதறிப்போட்டு நிமிர்ந்து நிண்டன். அது பாட்டுக்கு நிக்குது. அது என்னைத் தேடி வரேல்லை. அதுக்கு என்னைத் தெரியாது. மாமாவைத் தெரியாது. ஆமியையும் தெரியாது, இயக்கப் பெடியளையும் தெரியாது. எனக்கு அழுகை வந்திட்டுது. பயத்திலை இல்லை. மேலை இருக்கிறதெல்லாம் எங்களைக் கொல்ல வந்ததில்லை எண்டு அதுவரைக்கும் எனக்கு ஆரும் சொல்லேல்லை."

தேநீர்க் கடைக்காரர் மிச்சச் சில்லறையை நீட்டிக்கொண்டு நின்றார். இவர் வாங்க மறந்து பஸ்ஸில் ஏறினார்.

இன்னொரு நாள் அந்த வளாகப் பெடியன், பெயர் சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டவன், வேறொன்று சொன்னான். நாங்கள் காண்கிற ஒளி பழைய ஒளி. அங்கிருந்து புறப்பட்டு வந்து சேர வருடக் கணக்காகும். சிலது எங்கள் பாட்டன் பூட்டன் காலத்து ஒளி.

"அப்ப அங்கையிருந்து ஒருத்தன் எங்களைப் பாத்தால்?" என்று கேட்டார் டிரைவர்.

"அவனுக்கும் பழசுதான் தெரியும் அண்ணை. ஐம்பது வருச தூரத்திலை இருந்தால் ஐம்பது வருசத்துக்கு முந்தின யாழ்ப்பாணம்."

நெல்லியடியில் நான் இறங்கப் படிக்கு வந்தபோது, ஸ்ரேறிங்கில் கைகளைக் கிடத்திவிட்டுச் சொன்னார்.

"அப்ப சண்டை இன்னும் அங்கை போய்ச் சேரேல்லை. என்ன தங்கச்சி?"

"ஓம் அண்ணை. அப்பிடித்தான்."

"என்ரை தம்பி அங்கை இன்னும் சைக்கிள் ஓடித் திரியிறான்."

அந்தத் தம்பியைப் பற்றி அவர் அதற்கு முன்னும் சொன்னதில்லை, பின்னும் சொன்னதில்லை.

இனி ஓவசியர் ஐயா. றோட்டுப் போடும் திணைக்களத்தில் வேலை செய்து ஓய்வு பெற்றவர், நகரத்தில் மகள் வீட்டுக்குப் போய்விட்டுக் கிழமைக்கு இரண்டு மூன்று தடவை கடைசி பஸ்ஸில் திரும்புவார். வாழ்நாளெல்லாம் றோட்டுக்கு விளக்குக் கம்பம் நட்ட மனிதர். இருட்டு அவருக்கு ஒரு தோல்வி. விளக்கு நூரும்போதெல்லாம் முணுமுணுப்பார். "நாங்கள் இருட்டிலை பட்டது காணாதே? காசு குடுத்து இன்னும் இருட்டோ?" அவரையும் பிழை சொல்ல முடியாது. இந்த மண்ணில் இருட்டில் ஆள் போனால் போனதுதான் என்றிருந்த காலத்தைக் கண்டவர்.

அவர் பஸ் முதலாளிக்கு போன் எடுத்துவிட்டார். கடைசி பஸ்ஸில் விளக்கை அணைத்துவிட்டு ஓட்டுகிறான், பெண் பிள்ளைகள் போகிற பஸ், நாளைக்கு ஒன்று நடந்தால் யார் பொறுப்பு. முதலாளி கெட்டவர் இல்லை, சந்தேகம் வந்தால் நேரே வந்து பார்க்கிறவர். தான் ஒரு நாள் ஏறுவதாகவும், உண்மையென்றால் டிரைவரைக் காலை பஸ்ஸுக்கு மாற்றிவிடுவதாகவும் கொண்டக்டரிடம் சொல்லிவிட்டிருந்தார்.

காலை பஸ். வேறொருவனுக்கு அது தண்டனையே இல்லை, பொழுதோடு வீட்டுக்குப் போய்ப் படுக்கலாம். இவருக்கு அது குருடாக்குகிற மாதிரி. "அந்த நேரத்திலை ஆர் இருக்கிறார்? சூரியன். அவரை நிமிர்ந்து பாக்கேலாது, மற்றவையையும் பாக்க விடமாட்டார்." பகிடியாகத்தான் சொன்னார். ஆனால் அன்று கண்ணாடி துடைத்த கை ஒரே இடத்தைத் திரும்பத் திரும்பத் தேய்த்தது.

முதலாளி ஏறிய நாள் வானம் துப்பரவாக இருந்தது. முகிலாவது வந்து காப்பாற்றும் என்று நான் நீர்வேலிவரை யன்னலால் பார்த்துக்கொண்டு வந்தேன். ஒரு பஞ்சுத் துண்டுகூட இல்லை. முதலாளி டிரைவருக்குப் பக்கத்தில், எஞ்சின் மூடியின் மேல், கையில் ஒரு ரோர்ச் லைற்றோடு இருந்தார். ஓவசியர் ஐயா மூன்றாம் சீற்றில், யாரையும் பார்க்காமல்.

புத்தூரில் கொண்டக்டர் டிரைவரின் காதுக்குள் குனிந்தான். "அண்ணை, இண்டைக்கு மட்டும் விடுங்கோ. நாளைக்குப் பாப்பம்."

"நாளைக்கு முகில் போட்டால்?"

"முதலாளி கேட்டால் என்ன சொல்லுவியள்?"

"வானம் பாக்க எண்டு சொல்லுவன். களவோ செய்யிறன்?"

எனக்குக் கேட்டது. மீன்கார அக்காவுக்கும் கேட்டது. அவள் என்னைப் பார்த்தாள், நான் அவளைப் பார்த்தேன். வானம் பார்ப்பதற்காக விளக்கை அணைத்தேன் என்று ஒரு டிரைவர் சொன்னால் எந்த முதலாளி ஸ்ரேறிங்கை அவன் கையில் விட்டுவைப்பான்? காலை பஸ்கூடக் கிடைக்காது.

முனியப்பர் வந்தார். கொண்டக்டர் ஓடினான், சில்லறை விழுந்தது, திருநீறு வந்தது. முதலாளி நெற்றியை நீட்டினார். டிரைவர் தலையை வெளியே நீட்டி ஒருமுறை நிமிர்ந்தார். பஸ் நகர்ந்தது.

"பொம்பிளைப் பிள்ளையள் முன்னுக்கு வாங்கோ."

குரல் நேற்றையைப் போலவே இருந்தது. சனம் எழுந்து இடம் மாறியது. டிக்.

"என்ன, லைற்றுக்கு என்ன நடந்தது?" முதலாளியின் ரோர்ச் எரிந்தது.

டிரைவர் வாயைத் திறந்தார். அதற்குள் மீன்கார அக்கா முந்திவிட்டாள்.

"ரோர்ச்சை நூருங்கோ முதலாளி. முனிக்கு வெளிச்சம் ஆகாது."

"என்ன?"

"வெளி தாண்டும்வரைக்கும் பஸ்ஸுக்குள்ளை லைற் எரியக்கூடாது. முனி நடமாடுற நேரம். உங்களுக்குத் தெரியாதே? நான் வேதக்காரி, எனக்கே தெரியும்."

பிறகு பின்னாலிருந்து ஒரு குரல், முன்பு லைற் போட்டுக்கொண்டு வந்த வான் வண்டி ஒன்று தரவைக்குள் இறங்கியதாம் என்றது. இன்னொரு குரல், வான் இல்லை, லொறி என்று திருத்தியது. லொறியில் வெங்காயம் இருந்தது என்றார் ஒருவர். வளாகப் பெடியன், விஞ்ஞானம் படிக்கிறவன், "எங்கடை அம்மம்மாவும் சொல்லுறவ," என்றான். பாலம் வருவதற்குள் முனியப்பருக்கு ஒரு சட்டம் எழுதி முடித்துவிட்டோம்.

முதலாளி மூன்றாம் சீற்றுப் பக்கம் திரும்பினார். "ஓவசியர் ஐயா, நீங்களல்லோ போன் எடுத்தனீங்கள்?"

நாற்பது தலைகளும் திரும்பியதை இருட்டில் உணர முடிந்தது. ஓவசியர் ஐயா யன்னல் பக்கம் முகம் வைத்திருந்தார்.

"லைற் நிப்பாட்டுறார் எண்டுதானே சொன்னனான். ஏனெண்டு எனக்கு ஆர் சொன்னது? முனிக்கெண்டால் முனிக்கு."

அவர் முகத்தை யன்னலிலிருந்து எடுக்கவேயில்லை. முதலாளி ரோர்ச்சை நூர்த்து, கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

நெல்லியடியில் முதலாளி இறங்கிப் போனதும் பஸ்ஸுக்குள் கலியாண வீடு. கொண்டக்டர் மீன்கார அக்காவின் காலில் விழப்போனான். நானும் இறங்காமல் நின்றேன். டிரைவர் மட்டும் முன் கண்ணாடியைப் பார்த்தபடி இருந்தார்.

"முனியை ஏன் இதுக்குள்ளை இழுத்தனீ?"

"இழுக்காட்டில் நாளைக்கு எங்களுக்கு ஆர் லைற் நிப்பாட்டுவான்?" என்றாள் அவள். "காலமை பஸ்ஸிலை போய்ச் சூரியனோடை கதைச்சுக்கொண்டிருப்பியள்."

"அதில்லை பிள்ளை. பயத்திலை இருந்து வெளியிலை வந்துதான் நான் நிமிர்ந்து பாத்தனான். நீ திருப்பிப் பயத்தைக் கொண்டுவந்து வைச்சிட்டாய். இருந்து பார், இனிச் சனம் குனியும்."

அவர் சொன்னபடியே நடந்தது. கதைக்குக் கால் தேவையில்லை. ஒரு மாரி போவதற்குள் பருத்தித்துறை பஸ்களில் எல்லாம் முனியின் சட்டம் தெரிந்திருந்தது. புதிதாக ஏறியவர்கள் விளக்கு நூர்ந்ததும் கண்ணை மூடிக் கைகூப்பிக் குனிந்தார்கள். துடைத்த கண்ணாடிக்கு வெளியே வானம் தன் பாட்டில் ஓடியது, உள்ளே வரிசை வரிசையாக உச்சந்தலைகள். டிரைவர் தலைக்கு மேலுள்ள பின்பார்க்கும் கண்ணாடியில் அதைக் காண்பார்.

"முனியுமில்லை ஒண்டுமில்லை. நிமிருங்கோ," என்று ஒரு நாள் கத்தியும் பார்த்தார்.

"அப்பிடிச் சொல்லாதையுங்கோ ஐயா, அதுக்குக் கேக்கும்," என்றார் ஒரு கிழவர், இன்னும் ஆழக் குனிந்தபடி.

பழைய ஆட்கள் நாங்கள் கொஞ்சப் பேர்தான் நிமிர்ந்திருந்தோம். அவருக்கு அது காணும்போலவும் இருந்தது, காணாதபோலவும் இருந்தது. "இப்பவும் அமைதிதான் தங்கச்சி. ஆனால் இது வேறை அமைதி. செத்த வீட்டு அமைதி. நான் சொன்ன வெறும் பஸ் இதில்லை." கண்ணாடி துடைப்பதை அவர் விடவில்லை. கடைசிவரை மேல்பாதி மட்டும்.

பிறகு ஒரு மாரியில் காய்ச்சல் என்று படுத்தார், எழும்பவில்லை. செத்த வீட்டுக்கு முதலாளி பெரிய மாலையோடு வந்தார். "வல்லையிலை முனிக்குக் குடுத்த மரியாதைக்கு ஒருநாளும் பஸ்ஸிலை ஒரு கீறல் விழேல்லை," என்று எல்லாருக்கும் சொன்னார். ஓவசியர் ஐயா ஒரு மூலையில் கதிரை போட்டு இருந்தார். முற்றத்தில் பந்தல் போட்டு, பகல்போல விளக்குக் கட்டியிருந்தார்கள். ஓவசியர் ஐயா எழுந்து போய், யாரிடமும் கேட்காமல், ஒரு பக்கத்து விளக்குகளை நிறுத்திவிட்டு வந்து மறுபடி இருந்தார்.

நான் இன்றும் அதே வழியில்தான் போய் வருகிறேன். பஸ் மாறிவிட்டது. நீல மின்குமிழ் மாலைகள், டிரைவருக்கு மேல் படம் ஓடும் ஒரு திரை, காதைப் பிளக்கும் பாட்டு. ஓட்டுகிறவன் இளந்தாரி, கொண்டக்டர் அவனிலும் இளந்தாரி. ஆனாலும் முனியப்பரைத் தாண்டியதும் பாட்டு நிற்கும், மாலைகள் நூரும். போன மாதம் ஒரு நாள் கொண்டக்டரிடம் கேட்டேன்.

"ஏன் தம்பி லைற்றை நிப்பாட்டுறியள்?"

"முனிக்கு வெளிச்சம் ஆகாது அக்கா. தொண்டுதொட்டு உள்ள வழக்கம்." ஊருக்குப் புதியவளுக்குச் சொல்வதுபோலச் சொன்னான்.

சுற்றிப் பார்த்தேன். குனிந்த தலைகள். கவிழ்த்து வைத்த போன்கள். பக்கத்தில் ஒரு பெண், கைக்குழந்தையையும் சேர்த்து அமுக்கிக் குனிந்திருந்தாள். வெளியே தை மாத வானம், கழுவிக் கவிழ்த்த சட்டிபோல, ஒரு புள்ளி அழுக்கில்லாமல். என் கழுத்து இப்போதெல்லாம் வலித்தபடியே நிமிர்கிறது. அந்த மனிதரின் முதுகு இருந்த இடத்தில் வேறொரு முதுகு.

முனி இல்லையென்று சொல்லிச் சனத்தை நிமிர்த்த அவராலேயே முடியவில்லை. இருக்கிற சட்டத்தை அழிக்க ஏலாது. இன்னொன்று சேர்க்கலாம்.

"தம்பி, நீங்கள் செய்யிறது அரைகுறை வழக்கம்," என்றேன், எல்லாருக்கும் கேட்கும்படி. "குனிஞ்சு கும்பிட்டால் முனி ஏற்காது. முனி மேலாலை போற சாமி. கண்ணைத் திறந்து, நிமிர்ந்து, வெளியாலை பாக்கோணும். பாலம் தாண்டும்வரைக்கும் கண்ணை எடுக்கக்கூடாது. முந்தி இந்த பஸ்ஸிலை அப்பிடித்தான் செய்தவை."

"உண்மையாவோ அக்கா?"

"நான் பொய் சொல்லுறனே? ஓட்டுறவர் மட்டும் றோட்டைப் பாக்கலாம். அவருக்கு விலக்கு."

பின் சீற்றில் ஒரு செருமல். யாரோ கேட்டதை யாரோ பக்கத்தில் சொன்னார்கள். ஒரு தலை நிமிர்ந்தது, சந்தேகத்தோடு. பிறகு அதற்குப் பக்கத்துத் தலை. குழந்தைக்காரி குழந்தையைத் திருப்பி முகத்தை யன்னலுக்குக் கொடுத்தாள். கதை நின்றது. செருமல் நின்றது. கைவளை ஒன்று கம்பியில் தட்டி, அதுவும் நின்றது. பாலத்தில் பஸ் ஏறியது, மேலும் கீழும் வானம் திறந்தது.

டிரைவர் பெடியன் றோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல் கொண்டக்டரைக் கூப்பிட்டான்.

"என்னடா, ஒரு சத்தத்தையும் காணேல்லை. எல்லாரும் இறங்கிட்டினமோ?"